பிளாக் லோகஸ்ட் மரத்தை வீட்டுச் சரிவில் நடலாமா? வேலிக்கால்களுக்கு உண்மையிலேயே ஏற்றதா?

கேள்வி: சரிவுநிலம்

வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ அரை ஏக்கர் அளவுக்கு மணற்பாங்கான சரிவு நிலம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் உறைபனி பிடிக்கும் இடம். ஒவ்வொரு பெருமழைக்கும் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு கீழே போகிறது. மண்ணைப் பிடித்து நிறுத்தவும், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேலிக்கால்களுக்கு ஆகவும், வீட்டை ஒட்டிய பகுதியில் சிறிது நிழல் தரவும் ஒரே மரம் கிடைக்குமா என்று தேடியபோது, பலரும் சுட்டிக்காட்டியது பிளாக் லோகஸ்ட் மரத்தைத்தான். ஐரோப்பாவில் ரொபீனியா என்று வழங்குவதும் இதுவே என்று அறிகிறேன்.

ஆனால் படிக்கப் படிக்கத் தெளிவைவிடக் குழப்பமே கூடுகிறது. இதன் கட்டை மண்ணுக்குள் அரை நூற்றாண்டு மக்காமல் நிற்கும் என்கிறார் ஒருவர்; இதை நட்டவன் ஆயுள் முழுவதும் வேர்க்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். பூவைச் சமைத்து உண்ணலாம் என்றும், பட்டை நஞ்சு என்றும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருக்கிறது. இரண்டு குதிரைகளும் உள்ளன.

இம்மரத்தின் கட்டையைப் பற்றிச் சொல்லப்படுவது எவ்வளவு தூரம் மெய், வீட்டருகே நிழலுக்கு இதை வைப்பது அறிவுடைமையா, தோட்டத்துக்கென்று விற்கப்படும் பொன்னிற இலை வகை சாதாரண வகையைவிடத் தொல்லை குறைந்ததா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். இன்னும் ஒரு கன்றுகூட நடவில்லை.

மறுமொழி: உளிக்கூர்

நான் மரவேலை செய்கிறவன். ஆகவே கட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; தோட்டம் அறிந்தவர்கள் பின்னால் வந்து மறுக்க வேண்டியதை மறுக்கட்டும்.

மக்காது என்பது மிகையன்று. இம்மரத்தின் வைரப்பகுதியில், அதாவது உட்புற முதிர்ந்த கட்டையில், ரொபினெட்டின், டைஹைட்ரோரொபினெட்டின் முதலிய பொருள்கள் இயற்கையாகவே படிந்திருக்கின்றன. மரத்தைத் தின்னும் பூஞ்சைகளுக்கு அவை ஒத்துக்கொள்வதில்லை. அதோடு, வெளிப்புறத்து இளங்கட்டையான வெள்ளைப்பகுதி வைரமாக மாறும்போது, நீரேறும் குழாய்களுக்குள் பக்கத்து உயிரணுக்கள் பலூன்போல் புடைத்து நுழைந்து அவற்றை அடைத்துவிடுகின்றன. ஆகவே வெட்டிய பிறகும் ஈரம் எளிதில் உள்ளே ஏறுவதில்லை. ஐரோப்பியத் தரநிலை மரங்களின் இயற்கையான நீடிப்புத்தன்மையை 1 முதல் 5 வரை வகுக்கிறது. 1 என்பது மிக உயர்ந்தது. தேக்கு அங்கே இருக்கிறது. ரொபீனியாவுக்குக் கொடுத்திருப்பது 1-2. மருந்து ஏற்றாமல், குளிர்நாட்டில் வளர்ந்து, இந்த இடத்தைப் பிடிக்கும் மரங்கள் மிகச் சிலவே. திராட்சைத் தோட்டங்களில் கொடி தாங்கும் முளைகளும், ஜெர்மனியில் குழந்தைகள் விளையாட்டுத் திடல்களில் நிற்கும் கோணல்மாணலான கம்பங்களும் பெரும்பாலும் இம்மரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கடினத்தையும் சொல்லிவிடுகிறேன். மரத்தின் கடினத்தை அளக்கும் ஜான்கா அளவையில் தேக்கு ஏறத்தாழ 1,070, வெள்ளை ஓக் 1,360, இது 1,700. உலர்ந்த கட்டை ஒரு கனமீட்டருக்குச் சுமார் 770 கிலோ எடை வரும். ஈரப்பதம் மாறினாலும் அதிகம் சுருங்கி விரியாது. இந்தக் குணங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்ததால், பலகைகளைப் பிணைக்கும் மரமுளைகளுக்கு இதைவிட நல்ல மரம் இல்லை என்று பழைய கப்பல் தச்சர்கள் தேடி வாங்கினார்கள். 1814-இல் சாம்பிளேன் ஏரியில் அமெரிக்கக் கப்பல்கள் பிரித்தானியக் கப்பல்களை வென்றதற்கு அவற்றில் அடித்திருந்த லோகஸ்ட் முளைகளே காரணம் என்று ஒரு கதை எங்கள் தொழிலில் உலவுகிறது. போரை முளைகள் வென்றன என்பதை நான் நம்பவில்லை, ஆனால் அப்படியொரு கதை பிறக்கும் அளவுக்கு முளைகளின் மீது நம்பிக்கை இருந்தது என்பது தெரிகிறது. பிற்காலத்தில் தந்திக்கம்பங்களில் கண்ணாடிக் குமிழ்களைத் தாங்கிய மர ஆணிகளும் இம்மரத்தில் கடைந்தவைதாம்.

இனி, விற்பவர்கள் சொல்லாமல் விடுவதைச் சொல்கிறேன். மக்காதது வைரம் மட்டுமே. வெளிப்புறத்தில் சில வளையங்களே இருக்கும் வெளிர்மஞ்சள் வெள்ளைப்பகுதி மற்ற எந்த மரத்தையும்போல மக்கிவிடும். அது மெல்லியதாக இருப்பதால் பெரிய இழப்பில்லை. ஆனால் இளமரத்தில், அதாவது மையத்தைச் சுற்றி முதல் சில ஆண்டுகளில் உண்டான வைரத்தில், காப்புப் பொருள்கள் முதிர்ந்த வைரத்தில் இருக்கும் அளவுக்குச் சேர்ந்திருப்பதில்லை. எட்டு ஆண்டுக் கன்றை வெட்டி நட்டுவிட்டு, அது பன்னிரண்டு ஆண்டுகளில் அடியில் உளுத்துப்போனதும் "பொய் சொல்லிவிட்டார்கள்" என்று பலர் வருந்துவது இதனால்தான். பதினைந்து ஆண்டுக் கட்டையை வேலிக்கு வெட்டலாம். மூலைக்கால்களுக்கும் வாயிற்கால்களுக்கும் இருபத்தைந்தைத் தாண்டிய கட்டையாகத் தேர்ந்தெடுங்கள். அதை முழுதாக நடாமல் இரண்டாக அல்லது நான்காகப் பிளந்து நட்டால் முதிர்ந்த வைரமே மண்ணோடு உரசும். நேரான கட்டை ஆப்பு வைத்து அடித்தால் அழகாகப் பிளக்கும்.

பலகை வேலை வேறு கதை. நேரான நீண்ட பலகை கிடைப்பது அரிது, ஏனென்றால் மரம் வளைந்து வளரும், கவடு விடும். அறுக்கும்போதே உள்ளே அடைபட்டிருந்த இறுக்கம் விடுபட்டு பலகை முறுக்கிக்கொள்ளும். முனைகள் வெடிக்கும். ஆகவே தொழிற்கூடங்களில் குட்டைத் துண்டுகளைப் பல் வெட்டிக் கோத்து, பசையிட்டு நீளமாக்குகிறார்கள். பச்சையாக இருக்கும்போதே அறுத்து, துளையிட வேண்டிய இடங்களில் துளையிட்டுவிடுவது நல்லது. காய்ந்தபின் உளியின் முனை விரைவில் மழுங்கும், துளையிடாமல் திருகாணி ஏற்றினால் ஆணியின் தலை அறும். வெளியிடங்களில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளையே பயன்படுத்துங்கள், சாதாரண இரும்பு ஈரத்தோடு சேர்ந்தால் கட்டையில் கருங்கறை படியும். இழைக்கும்போது எழும் தூள் கண்ணையும் தோலையும் உறுத்தும். முகமூடி இல்லாமல் வேலை செய்த ஒரு நாள் மாலை எனக்குக் குமட்டலே வந்துவிட்டது. விறகாகவும் உயர்ந்தது, மெதுவாக எரிந்து நல்ல சூடு தரும். ஆனால் நல்ல கம்பத்தை அடுப்பில் வைப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது.

இதுதான் ரொபீனியாவா என்ற ஐயம் வந்தால், இருட்டறையில் புறஊதா விளக்கை வைரத்தின் மீது காட்டிப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள்.

மறுமொழி: வேர்முடிச்சு

உளிக்கூர் அவர்கள் கட்டையைப் பற்றிச் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. என் மறுப்பெல்லாம் அந்தக் கட்டை நிலத்தில் நிற்கும் காலத்தைப் பற்றியதுதான். நீங்கள் அதோடு வாழப்போவது அப்போதுதானே.

முதலில் இது என்ன மரம் என்பதைப் பார்ப்போம். இதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. குறிப்பாக அப்பலாச்சிய மலைத்தொடரும், அதற்கு மேற்கே ஓசார்க் மலைப்பகுதியும். பிரெஞ்சு அரசரின் தோட்டக்காரராக இருந்த ழான் ரோபென், அவருடைய மகன் வெஸ்பாசியன் ரோபென் ஆகியோரின் நினைவாகத் தாவரவியலாளர் லின்னேயசு இப்பேரினத்துக்கு ரொபீனியா என்று பெயரிட்டார். ழான் ரோபென் 1601-இல் நட்டதாகச் சொல்லப்படும் மரம் பாரிசில் நோத்ர தாம் பேராலயத்துக்கு எதிர்க்கரையில், சிமென்ட் முட்டுக்கொடுத்து, இன்றும் துளிர்க்கிறது. சிற்றினப் பெயரான சூடோஅகேசியா என்பதற்குப் போலி வேல் என்று பொருள். இலையடியில் இரட்டை இரட்டையாக நிற்கும் முள்ளைப் பார்த்து வேல மரத்தோடு உறவு கொண்டாடியிருக்கிறார்கள். உண்மையில் வேலத்தைவிட இதற்கு நெருங்கிய உறவு நம்மவர்கள் தழையுரத்துக்கு வளர்க்கும் கிளைரிசிடியா. அதற்கே ஒரு காலத்தில் ரொபீனியா செப்பியம் என்றுதான் தாவரவியல் பெயர். லோகஸ்ட் என்றால் வெட்டுக்கிளிதானே என்று கேட்பவர்களுக்கும் ஒரு விளக்கம் உண்டு: நெற்றுகளைக் கண்ட குடியேறிகள், தாங்கள் முன்பே அறிந்திருந்த, மத்தியதரைக்கடல் பகுதியின் கரோப் மரத்தின் நெற்றுகளோடு ஒப்பிட்டு, அதற்கு வழங்கிய லோகஸ்ட் என்ற பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள்.

கிளைரிசிடியாவை நினைவில் வைத்துக்கொண்டால் இம்மரத்தின் போக்கு எளிதில் விளங்கும். இதுவும் அவரைக் குடும்பம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவருகிறது. ஒன்றும் விளையாத மணலிலும், சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேட்டிலும் இது வளர்வதன் மருமம் அதுதான். அமெரிக்காவில் கைவிடப்பட்ட சுரங்க நிலங்களை மீட்கவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் இதைப் பெருமளவில் நட்டார்கள்; சீனாவில் காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண்ணாலான லோயஸ் பீடபூமியிலும் அதே நோக்கத்தோடு நட்டார்கள். ஆகவே உங்கள் சரிவில் இது மண்ணைப் பிடிக்குமா என்ற கேள்விக்கு விடை ஆம் என்பதே. ஐயம் வேண்டாம்.

பிடித்த மண்ணை விடுமா என்பதுதான் அடுத்த கேள்வி. இதன் வேர்கள் பெரும்பகுதி மேலோட்டமாக, மரத்தின் உயரத்தைவிடவும் அதிகத் தொலைவுக்குப் பரவுகின்றன. நட்ட நான்கைந்து ஆண்டுகளிலேயே வேர்களிலிருந்து கன்றுகள் கிளம்பத் தொடங்கும். தாய்மரம் நலமாக நிற்கும்வரை அவை அளவோடு வரும். தாய்மரத்தை வெட்டிய அடுத்த வசந்தத்தில் பாருங்கள், அடிமரத்திலிருந்தும், இருபதடி தள்ளிப் புல்வெளியிலிருந்தும், நடைபாதைக் கற்களின் இடுக்கிலிருந்தும் முள்ளோடு கூடிய தளிர்கள் ஒன்றாகக் கிளம்பும். வெட்டுவதே இதற்குத் தூண்டுதல். விறகுக்கும் வேலிக்கும் மரம் வளர்ப்பவருக்கு இது வரம், ஏனென்றால் மறுபடி நடவே வேண்டாம், அடிக்கட்டை தானே தழைத்துக் கொடுக்கும். மனம் மாறி மரத்தை அகற்ற நினைக்கும் வீட்டுக்காரருக்கு அதுவே சாபம். விதையைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. கெட்டித் தோலுள்ள விதை என்பதால் மண்ணில் பல ஆண்டு உறங்கும், ஆனால் நிழலில் முளைத்தால் தேறாது. வெயில் படும் வெற்றுமண்ணில் மட்டுமே பிழைக்கும்.

சொந்த நிலத்துக்குள் நடக்கும் தொல்லையோடு இது நின்றுவிடுவதும் இல்லை. தழைச்சத்து குறைந்த மண்ணில் மட்டுமே வளரக்கூடிய புல்வெளிப் பூண்டுகள் பல உண்டு. ரொபீனியா அங்கே நுழைந்து மண்ணை வளமாக்கியதும் அவை தாக்குப்பிடிக்க முடியாமல் மறைந்து, காஞ்சொறி போன்ற வளம் விரும்பிகள் வந்து நிறைந்துவிடுகின்றன. மண்ணை வளமாக்குவது எல்லா இடத்திலும் நன்மை அன்று என்பதை இம்மரத்தைப் பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். நடு ஐரோப்பாவின் உலர் புல்வெளிகளிலும், அதன் சொந்த எல்லைக்கு வெளியே அமெரிக்காவின் மணற்புல்வெளிகளிலும் இதுதான் நடக்கிறது. ஆகவேதான் அமெரிக்காவிலேயே மாசசூசெட்ஸ் மாநிலம் இதை விற்பதைத் தடை செய்திருக்கிறது. மறுபுறம் ஹங்கேரி இருக்கிறது: 18-ஆம் நூற்றாண்டில் மணல் பறக்கும் சமவெளியைக் கட்டிப்போட இதை நடத் தொடங்கினார்கள்; இன்று அந்நாட்டுக் காடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மரம்தான்; 2014-இல் அதை நாட்டின் பெருமைக்குரிய உடைமைகளின் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். ஒரே மரம், ஓரிடத்தில் தடை, ஓரிடத்தில் விருது. எனவே கன்று வாங்குமுன் உங்கள் பகுதியில் இதை நட அனுமதி உண்டா என்பதை வேளாண்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் கருத்துகளைவிட அது முக்கியம்.

வீட்டருகே நிழலுக்கு என்றால் என் விடை கூடாது என்பதுதான். நிழல் மென்மையானது, கீழே புல் வளரும், இலை மிகத் தாமதமாகத் துளிர்ப்பதால் வசந்தத்தில் வெயில் தடையின்றி உள்ளே வரும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கட்டை எவ்வளவு உறுதியோ கிளைகள் அவ்வளவு நம்பகமற்றவை. கவட்டில் பிளந்து, காற்றிலும் பனிச்சுமையிலும் முறிந்து விழும். அமெரிக்காவில் வளர்ந்த மரம் என்றால் துளைப்பான் வண்டு ஒன்று உண்டு. கோல்டன்ராடு பூக்களில் மகரந்தம் தின்றுவிட்டு வந்து இம்மரத்தின் பட்டையில் முட்டையிடும், புழு உள்ளே குடைந்து செல்லும், அந்த வழியாகப் பூஞ்சை நுழைந்து, மண்ணில் மக்காத அதே வைரத்தை உயிருள்ள மரத்துக்குள்ளேயே உளுக்கச் செய்துவிடும். நலிந்து, மெதுவாக வளரும் மரங்களையே அது அதிகம் தாக்குகிறது. ஐரோப்பாவில் அந்த வண்டு இல்லாதது அங்கே இம்மரம் பிறந்த மண்ணைவிட நன்றாக இருப்பதற்கு ஒரு காரணம்.

பொன்னிற இலை வகையைக் கேட்டிருந்தீர்கள். அது 1935-இல் நெதர்லாந்தில் உருவான ஃப்ரீசியா. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒட்டுச்செடி. அடியிலிருக்கும் வேர் பெரும்பாலும் சாதாரண ரொபீனியாவினுடையது. ஆகவே வேர்க்கன்று கிளம்பினால் பொன்னிறமாக வராது. பச்சையாக, முள்ளோடு, தாயைவிட வீரியமாக வரும், கவனிக்காமல் விட்டால் தாயையே அமுக்கிவிடும். முள்ளில்லாத, பூக்காத, பந்துபோல் தலை திரளும் அம்ப்ராகுலிஃபெரா வகையின் நிலையும் இதுவே. வீட்டருகே இதைப் போன்ற மென்னிழல் வேண்டுமென்றால் முள்ளில்லாத ஹனி லோகஸ்ட் வகைகளைப் பாருங்கள். பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு பேரினம். இலை சிறியது, வேர்க்கன்றுத் தொல்லை இந்த அளவுக்குக் கிடையாது. காட்டு ஹனி லோகஸ்டின் அடிமரத்தில் கிளைவிட்ட பெரிய முட்கள் இருக்கும் என்பதால், வாங்கும்போது முள்ளில்லா வகைதானா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மறுமொழி: தேனடை

தேனீ வளர்ப்பவர்கள் சார்பில் ஒரு வார்த்தை. வசந்தத்தின் இறுதியில் வெள்ளைப் பூங்கொத்துகள் தொங்கும் அந்தப் பத்து முதல் பதினான்கு நாள்களுக்காக நாங்கள் ஓராண்டு காத்திருக்கிறோம். கடைகளில் அகேசியா தேன் என்று விற்பது பெரும்பாலும் இம்மரத்தின் தேன்தான். பெயரில் மட்டுமே வேல். குளுக்கோசைவிடப் பழச்சர்க்கரை மிகுதியாக இருப்பதால் அது எளிதில் உறைவதில்லை, நிறமும் கண்ணாடிபோல் வெளிர்ந்தே இருக்கும். ஆனால் இதை நம்பித் தொழில் தொடங்காதீர்கள். பூக்கும் நேரத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தாலும், தொடர்ந்து மழை பெய்தாலும் அந்த ஆண்டுத் தேன் போயிற்று. உங்கள் இடத்தில் பிந்திய உறைபனி வழக்கம் என்றால் பூவைக் கணக்கில் சேர்க்காமலே முடிவெடுங்கள்.

மறுமொழி: சரிவுநிலம்

மூவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே நடத் தடையில்லை என்பதை இன்று காலை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். எல்லையைத் தாண்டிப் பரவாமல் பார்த்துக்கொள்வது நடுபவரின் பொறுப்பு என்றும் அறிவுறுத்தினார்கள். வீட்டருகே நடும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். சரிவின் நடுப்பகுதியில் மட்டும் நாற்பது, ஐம்பது கன்றுகளை வேலிக்கால்களுக்கென்றே வைக்கலாம் என்று தோன்றுகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. குதிரைகளும் குழந்தையும் இருக்கும் வீட்டில் நஞ்சு என்பதை எவ்வளவு தூரம் பொருட்படுத்த வேண்டும்? சரிவின் மேற்பக்கத்தில் எங்கள் காய்கறித் தோட்டமும், கீழ்ப்பக்கத்தில் அண்டை வீட்டாரின் நிலமும் இருக்கின்றன. வேர் அங்கெல்லாம் போகாமல் தடுக்க வழி உண்டா?

மறுமொழி: வேர்முடிச்சு

நஞ்சை முழுமையாகப் பொருட்படுத்துங்கள். பட்டை, இலை, விதை ஆகியவற்றில் ரொபின் என்னும் நச்சுப் புரதம் இருக்கிறது. விலங்குகளில் குதிரைக்குத்தான் அது மிகவும் ஆகாது. இம்மரத்தில் கட்டிப்போட்ட குதிரை பொழுதுபோகாமல் பட்டையைக் கடித்து நோயில் விழுந்ததாக விலங்கு மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஆடுகள் தழையைத் தின்றுவிட்டு நலமாக இருப்பதைப் பார்த்துக் குதிரைக்கும் ஒன்றும் ஆகாது என்று எண்ணிவிடாதீர்கள். மரங்கள் நிற்கும் பகுதிக்குக் குதிரைகள் போக முடியாதபடி தனி வேலி போடுங்கள். குதிரைக் கொட்டடியை ஒட்டி ரொபீனியாக் கம்பங்களை நடுவதானால், பட்டையைத் துளியும் மிச்சமின்றி உரித்துவிட்டு நடுங்கள். உரித்த பட்டையும் அறுத்த தூளும் கொட்டடியில் விரிப்பாகவோ மூடாக்காகவோ போய்ச் சேரக்கூடாது.

மனிதர்களுக்கும் இது பொருந்தும். 1887-இல் புரூக்ளினில் 32 சிறுவர்கள், வேலிக்கம்பங்களிலிருந்து உரித்துப் போட்டிருந்த உட்பட்டையை மென்று ஒரே நேரத்தில் நோயுற்ற நிகழ்ச்சி மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது, அனைவரும் பிழைத்துக்கொண்டார்கள். பட்டை இனிப்பாக இருக்குமாம், அதுதான் ஆபத்து. பூவை மாவில் தோய்த்துப் பொரித்து உண்பது ஐரோப்பாவில் நெடுங்காலப் பழக்கம். ஆனால் பூவுக்கு விதிவிலக்கு, பட்டைக்கும் நெற்றுக்கும் தடை என்ற நுணுக்கத்தை ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பதைவிட, இந்த மரத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிடுவதே எளிது.

மறுமொழி: உளிக்கூர்

நாற்பது, ஐம்பது கன்றுகள் என்றால் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று நெருக்கி நடுங்கள். தாராளமாக இடம் விட்டால் பக்கவாட்டில் கிளைத்துக் கோணிக்கொள்ளும். நெருக்கத்தில்தான் வெயிலைத் தேடி நேராக மேலே போகும். முதல் நான்கைந்து ஆண்டுகளில் கவடு விடுவதைப் பார்த்துப் பார்த்து ஒற்றைத் தண்டாக்கிவிடுங்கள். பிறகு வளைந்தவற்றைக் கழித்து நேரானவற்றுக்கு இடம் விடுங்கள். நீர் தேங்கும் இடம் மட்டும் இதற்கு ஆகாது. உங்களுடையது மணற்சரிவு என்பதால் அந்தக் கவலை இல்லை. விதையிலிருந்து வளர்ப்பதானால் கொதித்து இறக்கிய வெந்நீரில் விதையைப் போட்டு, ஆறவிட்டு, மறுநாள்வரை ஊறவைத்து, உப்பிய விதைகளை மட்டும் விதையுங்கள். உப்பாதவற்றை மறுபடி வெந்நீரில் போடலாம். நேராக வளரும் தேர்ந்த வகைகளை ஹங்கேரியில் உருவாக்கியிருக்கிறார்கள். கிடைத்தால் அவற்றின் வேர்த்துண்டுக் கன்றுகளை வாங்குவது விதைக்கன்றைவிட மேல், ஏனென்றால் விதைக்கன்று தாயைப் போலவே வரும் என்பது உறுதியில்லை.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. 1820-களில் வில்லியம் கோபெட் என்ற ஆங்கில எழுத்தாளர், அமெரிக்காவில் தாம் கண்ட லோகஸ்ட் மரத்தை வானளாவப் புகழ்ந்து எழுதித் தம் நாற்றங்காலிலிருந்து இலட்சக்கணக்கில் கன்றுகளை விற்றார். அதே மரம் ரொபீனியா என்ற பெயரில் மற்ற நாற்றங்கால்களில் கேட்பாரற்றுக் கிடந்தது. வாங்கியவர்களோ லோகஸ்ட்தான் வேண்டும் என்று அவரிடமே போனார்கள். கன்று வாங்கும்போது பெயர்ப்பலகையைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

வேர் பரவாமல் இருக்க எல்லையோரம் ஆண்டுக்கு ஒரு முறை அகழி வெட்டி வேரைத் துண்டித்துவிடுங்கள். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார்.

மறுமொழி: வேர்முடிச்சு

கடைசி யோசனையை மட்டும் ஏற்க முடியவில்லை, ஐயா. அகழியில் அறுபட்ட வேரின் அப்பாலுள்ள துண்டு செத்துப்போவதில்லை. தாய்மரத்தின் கட்டுப்பாடு நீங்கியதும் அதுவே தனிக்கன்றாக எழும். உங்கள் நண்பர் அகழிக்கு வெளியே இன்னும் கன்று எதையும் காணவில்லையென்றால், அங்கே யாரோ புல்வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

எல்லையோரம் நான்கைந்து மீட்டர் அகலத்துக்கு எதுவும் நடாமல் புல்லாக விட்டு, துளிர்க்கும் பருவம் முழுவதும் புல்வெட்டும் பொறியால் அடிக்கடி வெட்டிக்கொண்டிருப்பதுதான் நம்பத்தகுந்த வழி. இளந்தளிராக இருக்கும்போதே திரும்பத் திரும்ப வெட்டப்படும் வேர்க்கன்று சேமிப்பை இழந்து ஓய்ந்துவிடும். ஒரே ஓர் ஆண்டு விட்டுவிட்டால் முள் முற்றிவிடும், பிறகு பொறியின் சக்கரம்தான் பஞ்சராகும். நடும் வரிசையை எல்லையிலிருந்து மட்டுமல்லாமல் காய்கறிப் பாத்திகளிலிருந்தும் குறைந்தது பதினைந்து மீட்டராவது தள்ளி வையுங்கள், ஏனென்றால் பாத்தியில் மண்வெட்டியால் கொத்தும் ஒவ்வொரு முறையும் வேர் காயப்பட்டு அங்கே கன்று எழும்.

அகழி ஒரே ஒரு நிலையில் பயன்படும். அது நடுவதற்கு முன். அண்டை வீட்டாரின் பக்கம் முழங்கால் ஆழத்துக்குக் குறையாமல் வெட்டி, கனமான வேர்த்தடுப்புத் தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பு மண்ணுக்கு மேல் நான்கு விரல் தெரியும்படி மூடிவிட்டுப் பிறகு கன்றுகளை நடலாம். அப்போதும் புல்வெட்டு நிற்கக்கூடாது, தகட்டுக்குக் கீழே புகும் வேர் ஒன்றாவது இருக்கும். இன்னும் ஒரு கன்றுகூட நடவில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததால்தான் இதைச் சொல்கிறேன். நட்டு மூன்று ஆண்டு கழித்துக் கேட்டிருந்தால் தகட்டின் பேச்சையே எடுத்திருக்கமாட்டேன்.

மறுமொழி: சரிவுநிலம்

அப்படியானால் இந்த இலையுதிர்காலத்தில் அகழியும் தகடும், அடுத்த வசந்தத்தில் கன்றுகள். வீட்டருகே முள்ளில்லாத ஹனி லோகஸ்ட் ஒன்றை வைக்கிறேன். அண்டை வீட்டாரிடம் தகட்டைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட்டேன். செலவில் பாதியைத் தாமே ஏற்பதாகவும், பதினைந்து ஆண்டு கழித்து இருபது கம்பங்கள் தந்தால் போதும் என்றும் சொல்கிறார்.

மறுமொழி: உளிக்கூர்

இருபத்தைந்து ஆண்டு என்று சொல்லி வையுங்கள். அகழியைப் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நண்பரின் நிலத்துக்குப் போய் அகழிக்கு அப்பால் பார்த்தேன், முட்டியளவுக்கு ஏழு கன்றுகள் நிற்கின்றன.